நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை

புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ரத்தத்தில் போதிய அளவு இருக்கும்வரை கருப்பையின் உள்வரி உதிராது. அது வற்றிய இரண்டொரு நாளில் மாதவிடாய் தொடங்கிவிடும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி மருந்துக் கடைகளில் திருமணம், குலதெய்வப் படையல், கோயில் குடமுழுக்கு என்று ஏதாவது ஒரு நாள் நெருங்கும்போது பெண்கள் கேட்டு வாங்கும் ‘நாள் தள்ளிப்போற மாத்திரை’ இந்த ஓர் உண்மையை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதன் பெயர் நோரெதிஸ்டிரோன். புரோஜெஸ்டிரானைப் போலவே நடந்துகொள்ளும் செயற்கை ஹார்மோன் அது. 2016 பிப்ரவரியில் கும்பகோணத்து மகாமகக் குளத்தில் இறங்கியவர்களிலும், 2020 பிப்ரவரி 5 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்கு வந்தவர்களிலும் எத்தனை பேர் அதை விழுங்கியிருந்தார்கள் என்று யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள். சளி, காய்ச்சல் மாத்திரை வாங்குவதைப் போல மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கப்படும் ஹார்மோன் மருந்துகளில் அதுவும் ஒன்று. வாங்குபவருக்குத் தான் விழுங்குவது ஹார்மோன் என்பதே பெரும்பாலும் தெரியாது.

அந்த மாத்திரை என்ன செய்கிறது, எப்போது செய்யாமல் போகிறது என்பதெல்லாம் மாதச் சுழற்சி எப்படி நடக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

சுழற்சியின் முதல் நாள், ரத்தப்போக்கு தொடங்கும் நாள். அடுத்த ரத்தப்போக்குக்கு முந்தைய நாளோடு அது முடிகிறது. 28 நாள் என்பது சராசரி. அதுவே விதி இல்லை. வளர்ந்த பெண்களில் 24 நாள் முதல் 38 நாள் வரை எதுவும் இயல்பானதே. ஒரே பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் சில நாள் முன்பின்னாக வருவதும் அப்படியே. காலண்டரில் வட்டமிட்ட தேதிக்கு இரண்டு நாள் பிந்தினால் கலங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இந்தச் சுழற்சியைத் தொடங்கிவைப்பது கருப்பையும் அல்ல, சினைப்பையும் அல்ல. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. பசி, தாகம், தூக்கம், உடல் வெப்பம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வதும் அதுதான். அங்குள்ள சில ஆயிரம் நரம்புச் செல்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற மிகச் சிறிய ஹார்மோனைச் சுரக்கின்றன. பத்தே அமினோ அமிலங்களால் ஆன அந்த மூலக்கூற்றின் அமைப்பை 1971இல் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவில் பணிபுரிந்த ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கியோமனும். ஷாலி பன்றி மூளைகளிலிருந்தும் கியோமன் ஆட்டு மூளைகளிலிருந்தும் லட்சக்கணக்கில் ஹைபோதலாமஸ் துண்டுகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து மில்லிகிராம் அளவிலான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஒருவரையொருவர் முந்திக்கொள்ளப் பல ஆண்டுகள் கடும் போட்டி நடந்தது. கடைசியில் 1977ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் முறைதான் விநோதமானது. அது சீராக ஒழுகுவதில்லை. விட்டு விட்டுத் துடிப்பாக வருகிறது. சுழற்சியின் முற்பாதியில் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. பிற்பாதியில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. இந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பதை 1970களின் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் நோபிலும் அவருடைய குழுவினரும் ரீசஸ் குரங்குகளில் காட்டினார்கள். ஹைபோதலாமஸ் வேலை செய்யாத குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை ஜி.என்.ஆர்.எச். செலுத்தியபோது அடுத்த கட்ட ஹார்மோன்கள் சுரந்தன. அதே மருந்தை இடைவிடாமல் சொட்டுச் சொட்டாகச் செலுத்தியபோது அவை நின்றுபோயின. மறுபடியும் மணிக்கு ஒரு முறை என்று மாற்றியதும் மீண்டன. மருந்து அதிகமானால் பலன் அதிகம் என்ற பொதுப் புத்திக்கு இங்கே இடமில்லை. கருப்பை நார்த்திசுக் கட்டிகளைச் சுருக்கவும், சோதனைக் குழாய்க் கருத்தரிப்பின்போது முட்டை நேரம் தவறி வெளியேறிவிடாமல் தடுக்கவும் இன்று தரப்படும் லுப்ரோலைடு போன்ற ஊசிகள், ஜி.என்.ஆர்.எச். போன்ற ஒன்றை இடைவிடாமல் கொடுத்துச் சினைப்பையைத் தூங்கவைக்கும் அதே உத்தியைத்தான் பயன்படுத்துகின்றன.

ஹைபோதலாமஸின் துடிப்பைப் பெறுவது அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது: எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் சேர்ந்து அடிவயிற்றின் இருபுறமும் உள்ள சினைப்பைகளை இயக்குகின்றன.

சினைப்பைக்குள் இருப்பது முன்கூட்டியே கொடுக்கப்பட்ட கையிருப்பு. தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்திருக்கும். பூப்படையும் வயதில் எஞ்சுவது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளியேறுபவை 400, 500தான். மீதி எல்லாம் வளரத் தொடங்கி வழியிலேயே கரைந்துபோகின்றன. ஒவ்வொரு முட்டையும் ஃபாலிக்கிள் என்னும் நுண்பைக்குள் இருக்கிறது. இந்த நுண்பைகள் மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்து வந்து, கடைசி இரண்டு வாரத்தில் மட்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனை நம்பி நிற்கின்றன.

ரத்தப்போக்கு தொடங்கும் நாட்களில் எஃப்.எஸ்.எச். சற்றே உயர்ந்திருக்கும். அந்த உயர்வில் ஏழெட்டு, சில சமயம் பத்துப் பதினைந்து நுண்பைகள் ஒன்றாக வளரத் தொடங்குகின்றன. நுண்பையின் வெளிச்சுவரில் உள்ள செல்கள் எல்.எச். தூண்டுதலில் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் வகை ஹார்மோனைத் தயாரிக்கும். உட்சுவர்ச் செல்கள் எஃப்.எஸ்.எச். தூண்டுதலில் அதை வாங்கி ஈஸ்ட்ராடையாலாக மாற்றும். பெண்மைக்குரியது என்று பேசப்படும் ஈஸ்ட்ரோஜன், ஆண்மைக்குரியது என்று பேசப்படும் ஹார்மோனிலிருந்துதான் உருவாகிறது.

நுண்பைகள் வளர வளர ஈஸ்ட்ராடையால் கூடுகிறது. அதோடு இன்ஹிபின் என்ற மற்றொரு பொருளும் சுரக்கிறது. இரண்டும் ரத்தத்தின் வழியே மூளைக்குப் போய், ‘எஃப்.எஸ்.எச். போதும்’ என்று தெரிவிக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பைக் குறைக்கிறது. இந்த இடத்தில்தான் பத்தில் ஒன்று மட்டும் தேறுகிறது. மேட்டூரில் திறப்பைக் குறைத்து வாய்க்காலில் மட்டம் இறங்கும்போது மதகை ஒட்டிய தலைமடை வயல் மட்டும் தொடர்ந்து பாய, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை காய்ந்துபோவதை டெல்டாவில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இங்கும் அதே கதைதான். எந்த நுண்பை தன் சுவரில் எஃப்.எஸ்.எச். பற்றிக்கொள்ளும் ஏற்பிகளை அதிகமாக வளர்த்து, தன்னைச் சுற்றி ரத்தக் குழாய்களையும் அதிகமாகப் பின்னிக்கொண்டதோ, அது குறைந்த எஃப்.எஸ்.எச். அளவிலும் பிழைக்கிறது. போதாக்குறைக்கு எல்.எச். ஏற்பிகளையும் உண்டாக்கிக்கொள்கிறது. மற்றவை வாடிப்போகின்றன. மனிதப் பிரசவங்களில் பெரும்பாலும் ஒரே குழந்தை பிறப்பதன் காரணம் இதுவே. குழந்தையின்மைச் சிகிச்சையில் எஃப்.எஸ்.எச். ஊசியை வெளியிலிருந்து தொடர்ந்து போட்டு மட்டம் இறங்காமல் வைத்திருப்பதால் பல முட்டைகள் ஒரே நேரத்தில் முதிர்கின்றன.

தேறிய நுண்பை இரண்டாவது வார முடிவில் 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, சினைப்பையின் மேற்பரப்பில் புடைத்துத் தெரியும். ஸ்கேனில் ‘முட்டை வளர்ந்திருக்கிறதா’ என்று பார்ப்பது இதைத்தான். உண்மையில் ஸ்கேனில் தெரிவது முட்டை அல்ல, அது மிதக்கும் நீர்ப்பை. முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

இதுவரை ஈஸ்ட்ராடையால் மூளைக்குத் தடை சொல்லிக்கொண்டிருந்தது. இனி அது தலைகீழாகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிக்கோகிராமுக்கு மேல், சுமார் 50 மணி நேரம் ஈஸ்ட்ராடையால் குறையாமல் நீடித்தால், அதே ஹார்மோன் அதே மூளையையும் பிட்யூட்டரியையும் தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டுகிறது. சேர்த்துவைத்த எல்.எச். மொத்தமும் வெள்ளமாக வெளிப்படுகிறது. முழு வளர்ச்சி பெற்ற நுண்பை ஒன்றால் மட்டுமே அவ்வளவு ஈஸ்ட்ராடையாலை அவ்வளவு நேரம் கொடுக்க முடியும். ஆகவே முட்டை தயார் என்ற செய்தியை மூளைக்குச் சொல்வது சினைப்பையே. மூளை ஆணையிட, சினைப்பை கீழ்ப்படிகிறது என்று பாடப் புத்தகங்களில் வரையும் மேலிருந்து கீழான அம்புக்குறிகள் இந்த இடத்தில் போதாமல் போகின்றன. முட்டை வெளிவரும் நாளை முடிவு செய்யும் கடிகாரம் மூளையில் இல்லை, அடிவயிற்றில் இருக்கிறது.

எல்.எச். வெள்ளம் தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் நுண்பையின் சுவர் கிழிந்து முட்டை வெளியேறுகிறது. சிலருக்கு அந்நேரம் அடிவயிற்றின் ஒரு பக்கம் சுருக்கென்று வலிக்கும். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும். அதனால் கருத்தரிக்க வாய்ப்புள்ளது முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமாக ஏறத்தாழ ஆறு நாள்.

முட்டை போன பிறகு வெற்று நுண்பை வீணாவதில்லை. அதன் சுவர்ச் செல்கள் கொழுப்பை நிரப்பிக்கொண்டு மஞ்சள் நிறம் பெற்று, கார்பஸ் லூட்டியம் என்ற புதிய சுரப்பியாக உருமாறுகின்றன. சில நாட்களுக்கு முன்பு இல்லாதிருந்த ஒரு சுரப்பி உடலில் தோன்றி, இரண்டு வாரம் வேலை செய்து, மறைந்துபோவது மனித உடலில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத ஏற்பாடு. 1929இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் கருவுற்ற முயல்களிடமிருந்து இந்த மஞ்சள் சுரப்பியை நீக்கினால் கரு தங்குவதில்லை என்பதையும், அதன் சாற்றைச் செலுத்தினால் தங்குகிறது என்பதையும் காட்டினார்கள். 1934இல் அந்தச் சாற்றிலிருந்து புரோஜெஸ்டிரான் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது.

புரோஜெஸ்டிரான் சுரக்கத் தொடங்கியதும் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே வெப்பம் பார்த்துக் குறித்து வந்தால் இந்த ஏற்றம் தெரியும். ஆனால் அது தெரியும்போது முட்டை வெளிவந்து முடிந்திருக்கும் என்பதால், கருத்தரிக்க விரும்புபவர்களுக்கு அந்த மாதம் அதனால் பெரிய பயன் இல்லை. மார்பில் கனம், வயிற்று உப்புசம், முகப்பரு, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை வருவதும் இந்தப் பிற்பாதியில்தான்.

கார்பஸ் லூட்டியத்தின் ஆயுள் ஏறத்தாழ 14 நாள். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு நாள் வேறுபடலாம். ஆனால் ஒரே பெண்ணுக்கு அது பெரிதாக மாறுவதில்லை. முட்டை முதிர எடுத்துக்கொள்ளும் முற்பாதிதான் நீளும், குறுகும். இதை 1920களில் ஜப்பானில் கியூசாகு ஓகினோவும் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னௌஸும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 28 நாள் சுழற்சியில் முட்டை 14ஆம் நாள் வெளிவருகிறது. 35 நாள் சுழற்சியில் அது 14ஆம் நாள் இல்லை, 21ஆம் நாள். 24 நாள் சுழற்சியில் பத்தாம் நாள். அதாவது கணக்கைக் கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், வரப்போகும் மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வரப்போகும் நாள் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதுதான் இந்தக் கணக்கை நம்பிக் கருத்தடை செய்தவர்கள் பலர் ஏமாந்ததற்குக் காரணம்.

நாள் தள்ளிப்போவதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. தேர்வு, காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, கடன் தொல்லை என்று எது குறுக்கிட்டாலும் அது பாதிப்பது பெரும்பாலும் முற்பாதியைத்தான். ஹைபோதலாமஸின் துடிப்பு மந்தமாகி, நுண்பை முதிரத் தாமதமாகி, முட்டை பத்து நாள் பிந்தி வெளிவந்தால் மாதவிடாயும் பத்து நாள் பிந்தும். முட்டை வெளிவந்துவிட்ட பிறகு வரும் கவலையால் மாதவிடாய் அவ்வளவாகத் தள்ளிப்போவதில்லை.

இந்த நான்கு வாரமும் கருப்பையின் உள்வரி சினைப்பையைப் பின்பற்றியே மாறுகிறது. முற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் அதைத் தடிக்க வைக்கிறது. பிற்பாதியில் புரோஜெஸ்டிரான் அந்த வளர்ச்சியை நிறுத்தி, சுரப்பிகளில் சத்தை நிரப்பி, சுருள் வடிவத் தமனிகளை நீளச் செய்து, கரு வந்து ஒட்டுவதற்கேற்பப் பக்குவப்படுத்துகிறது. கரு ஒட்டிவிட்டால் அது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை வெளியிட்டு மஞ்சள் சுரப்பியைச் சாகவிடாமல் காப்பாற்றும். மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு விழுவது சிறுநீரில் இந்த எச்.சி.ஜி. இருப்பதால்தான். கரு வராவிட்டால் மஞ்சள் சுரப்பி சுருங்குகிறது, புரோஜெஸ்டிரான் சரிகிறது.

அதன் பிறகு நடப்பதைக் கண்ணால் பார்த்தவர் ஜே. ஈ. மார்க்கீ என்ற அமெரிக்க ஆய்வாளர். பெண் குரங்கின் கருப்பை உள்வரியில் சிறு துண்டை எடுத்து, அதே குரங்கின் கண்ணில் விழிவெண்படலத்துக்குப் பின்னால் ஒட்டவைத்தார். கண்ணாடி ஜன்னல் வழியே பார்ப்பதைப் போல, அந்தத் துண்டு மாதாமாதம் தடிப்பதையும் உதிர்வதையும் பார்க்க முடிந்தது. 1940இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, ரத்தம் வருவதற்கு முன் சுருள் தமனிகள் இறுக மூடிக்கொள்கின்றன. ரத்தம் கிடைக்காத மேலடுக்கு சிதைகிறது. பிறகு தமனிகள் தளரும்போது சிதைந்த அடுக்கு ரத்தத்தோடு வெளியேறுகிறது. அடியில் உள்ள அடுக்கு உதிர்வதில்லை. அதிலிருந்து சில நாட்களில் புதிய உள்வரி தழும்பில்லாமல் வளர்ந்துவிடும். இதில் ‘கெட்ட ரத்தம்’ என்று எதுவும் கிடையாது. வெளியேறுவது கைவிரலில் ஓடும் அதே ரத்தமும், தேவைப்படாமல் போன கருப்பைத் திசுவும்தான்.

உள்வரி சிதையும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டுக் கருப்பைத் தசையை முறுக்கிப் பிழிகிறது. வயிற்று வலி அதனால் வருவது. அதே பொருள் குடலையும் தூண்டுவதால் சிலருக்கு அந்நாட்களில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் சேரும். மெஃபெனமிக் அமிலம், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பதால், வலி உச்சத்துக்குப் போவதற்கு முன் சாப்பிட்டால் நன்றாகக் கேட்கும். வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்கு, வேலை தடைப்படாமல் இருக்க, பெயரில்லாத வலி மாத்திரைகள் கையில் கொடுக்கப்படுவதாக 2019இல் செய்தி வெளியானபோது எழுந்த கேள்வி மாத்திரை நல்லதா கெட்டதா என்பதல்ல. விழுங்குவது என்னவென்று விழுங்குபவருக்குத் தெரிய வேண்டாமா என்பதுதான். முழங்கால் சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கு அப்படி ஒரு மாத்திரைகூடக் கிடைப்பதில்லை. துணி மாற்ற ஒரு மறைவிடமும் வயலில் இல்லை. வலியைச் சொல்லி வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போகும்.

ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் சராசரியாக 30, 40 மில்லிலிட்டர். பார்வைக்கு அதிகமாகத் தெரிந்தாலும் அளவு அவ்வளவுதான். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதிக ரத்தப்போக்கு. கட்டிகட்டியாகப் போவது, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துபோவது, எட்டு நாளைத் தாண்டுவது ஆகியவை அதன் அடையாளங்கள். மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் வீதம் இரும்புச்சத்து உடலைவிட்டுப் போகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. முப்போகம் விளைந்த நெல் நாட்டில், சோறு நிறையவும் கீரை, பருப்பு, மீன், இறைச்சி குறையவும் சாப்பிடும் வழக்கம் இந்த இழப்பை ஈடுகட்டுவதில்லை. பள்ளிகளில் வாரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் பையிலேயே போட்டுவைத்துவிடுவதும் நடக்கிறது.

இனி அந்த நாள் தள்ளும் மாத்திரை. நோரெதிஸ்டிரோன் 1951இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிராண்ஸ், லூயிஸ் மிராமோண்டெஸ் ஆகியோர் உருவாக்கியது. மெக்சிகோவில் விளையும் காட்டு வள்ளிக்கிழங்கு ஒன்றிலிருந்து கிடைத்த பொருளே அந்த ஆய்வகத்து ஹார்மோன்களுக்கு மூலப்பொருள். இயற்கைப் புரோஜெஸ்டிரானை வாய்வழியாகச் சாப்பிட்டால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நோரெதிஸ்டிரோன் அப்படிச் சிதையாமல் ரத்தத்தில் நிற்கும். வழக்கமாக 5 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு மூன்று முறை, மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து சாப்பிடச் சொல்வார்கள். உள்ளே மஞ்சள் சுரப்பி சுருங்கிப் புரோஜெஸ்டிரான் வற்றினாலும், வெளியிலிருந்து வரும் போலி அந்த இடத்தை நிரப்புவதால் உள்வரி நிற்கிறது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும்.

திருவிழாவுக்கு முந்தைய நாள், லேசாக ரத்தக்கறை கண்ட பிறகு ஓடிப்போய் வாங்கிச் சாப்பிட்டால் பெரும்பாலும் கேட்காது. தமனிகள் மூடி, உள்வரி சிதையத் தொடங்கிய பிறகு அதை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதேபோல, நாள் தள்ளிவைக்கச் சாப்பிடுவதைக் கருத்தடையாகவும் நம்பக் கூடாது; முட்டை வெளிவந்து எத்தனையோ நாட்களுக்குப் பிறகுதான் மாத்திரை தொடங்குகிறது. நோரெதிஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறுகிறது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து தொடங்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், கல்லீரல் நோயாளிகள், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. ஆரோக்கியமான பெண் வருடத்தில் ஒரு முறை மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுவதில் பெரிய ஆபத்தில்லை. கடைக்காரரைக் கேட்டு மாதாமாதம் சாப்பிடுவது வேறு விஷயம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரையும் இதே தத்துவத்தில் ஒரு படி மேலே போகிறது. அதன் அட்டையில் 28 மாத்திரைகள். 21இல் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோனும் உண்டு. மீதி ஏழும் வெறும் இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரைகள் மூளைக்குத் தடைச்செய்தியை மட்டும் அனுப்பிக்கொண்டே இருப்பதால் எஃப்.எஸ்.எச். ஏறுவதில்லை, எல்.எச். வெள்ளம் வருவதில்லை, முட்டை வெளிவருவதில்லை. இரும்பு மாத்திரைகளுக்கு மாறும் வாரத்தில் வரும் ரத்தப்போக்கு, ஹார்மோன் நின்றதால் வருவது. முட்டை வந்துபோனதற்கான அடையாளம் அல்ல. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி, 1991இல் சஹேலி என்ற பெயரில் வெளிவந்து, இப்போது அரசுத் திட்டத்தில் சாயா என்று வழங்கப்படும் சென்ட்குரோமன் வேறு ரகம். அது ஹார்மோனே அல்ல. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொண்டு, உள்வரியைக் கரு ஒட்டுவதற்கு ஏற்றதாக ஆகவிடாமல் செய்கிறது.

சுழற்சி முதன்முதலில் தொடங்கும் கதை தனி. குழந்தைப் பருவம் முழுவதும் ஹைபோதலாமஸ் ஏறத்தாழ உறங்குகிறது. எட்டு வயதுக்கு மேல், முதலில் இரவுத் தூக்கத்தில், ஜி.என்.ஆர்.எச். துடிப்பு மறுபடி கேட்கிறது. கிஸ்பெப்டின் என்ற புரதத்தைச் சுரக்கும் நரம்புச் செல்கள் அதை எழுப்புகின்றன. உடலில் போதிய கொழுப்பு சேர்ந்துவிட்டதா என்பதை லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குத் தெரிவிக்கிறது. மார்பு வளரத் தொடங்கி இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் ரத்தப்போக்கு. ஆனால் அந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் எல்.எச். வெள்ளத்தை எழுப்பும் தலைகீழ்ப் பாதை இன்னும் பழுத்திருக்காது. பல மாதங்களில் முட்டை வெளிவராமலேயே உள்வரி தானாகச் சரிந்து உதிரும். 45 நாளுக்கு ஒரு முறை வருவதும், ஒரு மாதம் கொட்டித் தீர்த்து அடுத்த மாதம் காணாமல் போவதும் அந்த வயதில் பெரும்பாலும் நோய் இல்லை. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ காட்ட வேண்டும். 15 வயது முடிந்தும் பூப்படையாவிட்டாலும் அப்படியே.

டெல்டா கிராமங்களில் பூப்படைந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பார்கள். சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் ஈரம் காயாத வயலில் விதைக்கும் உளுந்து இங்கே வீட்டுக்கு வீடு இருப்பதுதான். அதில் புரதம் உண்டு, வளரும் பிள்ளைக்கு நல்ல உணவு. சுழற்சியை ஒழுங்குபடுத்தும் மருந்தாக அதை எண்ணிவிடக் கூடாது. சடங்கின் மறுபக்கம் தனிக் குடிசை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியபோது, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் முதல் மாதவிடாய்க்காக வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி தென்னை மரம் விழுந்து இறந்தாள். அவள் உடலில் அன்று நடந்துகொண்டிருந்தது ஹைபோதலாமஸ் சில ஆண்டுகளாகத் தயார் செய்துவந்த ஒரு ஹார்மோன் மாற்றம். பக்கத்தில் இருப்பவரைத் தொற்றக்கூடியது எதுவும் அதில் இல்லை.

தொடங்கிய சுழற்சி இடையில் நின்றுபோவதற்கு முதல் காரணம் கர்ப்பம். அடுத்தது தாய்ப்பால். குழந்தை உறிஞ்ச உறிஞ்சப் புரோலாக்டின் ஏறி ஜி.என்.ஆர்.எச். துடிப்பை அடக்கும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால், கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. தைராய்டு குறைபாடும் சுழற்சியைக் குலைக்கும். செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காத உடலிலும் துடிப்பு மந்தமாகிறது. ஓட்டப் பந்தய வீராங்கனைக்கும், ஒரு வேளைச் சாப்பாட்டில் கடும் வேலை செய்பவருக்கும், எடை குறைக்கப் பட்டினி கிடக்கும் கல்லூரி மாணவிக்கும் நடப்பது ஒன்றே.

‘நீர்க்கட்டி’ என்று எல்லாரும் பயப்படும் பி.சி.ஓ.எஸ். அதற்கு நேர்மாறானது. அதில் ஜி.என்.ஆர்.எச். துடிப்பு தேவைக்கு மேல் வேகமாக அடிக்கிறது. அதனால் எல்.எச். கூடி, எஃப்.எஸ்.எச். பின்தங்குகிறது. நுண்பைகளின் வெளிச்சுவர் ஆண்ட்ரோஜனைக் கொட்ட, உட்சுவரால் அதை மாற்ற முடிவதில்லை. மீசை, தாடி இடத்தில் முடி, முகப்பரு எல்லாம் அந்த ஆண்ட்ரோஜனால் வருபவை. பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் சேர்ந்து அதைக் கூட்டுகிறது. 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவன்தால் என்ற இருவர் முதலில் தெளிவாக விவரித்த இந்த நிலையில், ஸ்கேனில் முத்துக் கோத்தாற்போலத் தெரிபவை கட்டிகள் அல்ல. பாதி வளர்ச்சியில் நின்றுபோன நுண்பைகள். அவற்றை அறுத்தெடுக்கத் தேவையில்லை. எடை கூடுதலாக இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து, பத்து குறைத்தாலே பலருக்கு முட்டை மறுபடி வெளிவரத் தொடங்குகிறது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரான் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்வரியை வளர்த்துக்கொண்டே போவதால், மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் இல்லாமல் விட்டுவிடுவதுதான் இதில் உண்மையான ஆபத்து.

கையிருப்பில் உள்ள நுண்பைகள் தீரும்போது சுழற்சி முடிகிறது. இந்தியப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதளவில். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இன்ஹிபின் குறைவதால் எஃப்.எஸ்.எச். ஏறி, சுழற்சி முதலில் குறுகும், பிறகு தாறுமாறாகும். ஈஸ்ட்ராடையால் குறையும்போது ஹைபோதலாமஸின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறி, மார்கழிப் பனியிலும் திடீரென்று உடல் கொதித்து வியர்க்கும். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கொள்ளலாம். பிட்யூட்டரி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எஃப்.எஸ்.எச்.ஐ உயர்ந்த அளவில் சுரந்துகொண்டிருக்கும்; பதில் சொல்லச் சினைப்பையில் எதுவும் மிச்சமிருக்காது. ஆனால் உடல் கொழுப்பு, ஆண்ட்ரோஜனைச் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்தப் புரோஜெஸ்டிரான் இல்லாத நிலையில் உள்வரி மிகையாக வளர்ந்து, சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறலாம். அதனால் மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ‘மறுபடி வந்திருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளாமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குப் போய் ஸ்கேனும் தேவையானால் திசுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.